பேக்கரி பாடத்தின் இரண்டாம் பகுதி

லெமான் ஏரிக்கரையில் மூடிக் கிடந்த ஓர் ஓட்டலின் சாப்பாட்டு அறையில்தான் மொனார் தன் வணிகப் பள்ளியைத் தொடங்கினார். கரும்பலகைகூட இல்லாமல், ஓட்டல் கதவைக் கழற்றிக் கறுப்பு அடித்துக்கொண்ட காலம் அது. இப்போது மலைச்சரிவு முழுக்கக் கண்ணாடிக் கட்டடங்கள். ஜப்பானிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் படிக்க வருகிறார்கள். மொனார் போட்ட சட்டங்கள் மட்டும் அப்படியே இருந்தன. நிஜ நிறுவனம் ஒன்றின் கதையைப் பாடமாக எழுத வேண்டும். பெயர், ஊர், தொழில் எதையும் மாற்றலாம். முதலாளியின் குணத்தை மாற்றக் கூடாது. கடைசியில் கை தூக்கி முடிவு சொல்ல வேண்டும். எண்ணி முடிக்கும்வரை கையை இறக்கக் கூடாது.

அன்று மாலை நிர்வாகக் குழு கூடுவதாக இருந்தது. மொனாரே தலைவராக நீடிப்பதா, துணைத் தலைவர் தியெரியிடம் பொறுப்பைக் கொடுப்பதா என்பதுதான் பேச்சு. தியெரி அவருடைய முதல் மாணவன். இந்தப் பள்ளி நான் பெற்ற பிள்ளை, அதை என்னிடமிருந்து எவன் பிடுங்குவான் என்ற மிதப்பில் இருந்தார் மொனார். அதனால்தான் தியெரி தன் வகுப்புக்கு வரச் சொன்னதும் சந்தோஷமாகக் கிளம்பிவிட்டார்.

வெளியே மூடுபனியில் ஏரியே தெரியவில்லை. கடைசி வரிசையில் நிர்வாகக் குழுவினர் மூவர் உட்கார்ந்திருந்தார்கள். இவர் வணக்கம் சொன்னார். அவர்கள் கையிலிருந்த தாளைப் பார்த்தார்கள். அது அவருக்கு என்னவோபோல் இருந்தது.

பாடம் ஒரு பேக்கரியையும் அதைத் தொடங்கி நடத்தும் கிழவரையும் பற்றியது. நோர்வேயிலிருந்து வந்த ஸிக்னே எழுந்தாள். சேர்ந்து ஒரு வாரம்தான்; மொனாரின் வகுப்பில் இன்னும் உட்கார்ந்ததில்லை.

"ஐரோப்பா பூரா கிளை போடலாம். அந்தக் கிழவர் விட்டாத்தானே? ஒவ்வொரு ரொட்டியையும் அவரே தட்டிப் பார்க்கணுமாம்!"

எல்லோரும் சிரித்தார்கள். மொனார்தான் உரக்கச் சிரித்தார்.

"நீங்க சொல்லுங்க, ப்ரொஃபசர்," என்றார் தியெரி.

"இதுல யோசிக்க என்னப்பா இருக்கு? ஆளை அனுப்பிடு. முன்னாடியே சொல்லிடாதே. பழைய கதையெல்லாம் எடுத்து அழுவான், உனக்கு மனசு இளகிடும்."

சொல்லிவிட்டு முதல் ஆளாகக் கை தூக்கினார். வகுப்பே தூக்கியது. தியெரி எண்ணத் தொடங்கினார்.

"இன்னொரு கூத்து கேளுங்க," என்றாள் ஸிக்னே. "பேக்கரியில கடிகாரமே மாட்ட விடமாட்டாராம். ரொட்டிக்கு மணி பார்க்கத் தெரியாதாம்!"

மொனார் சிரிக்கவில்லை. அந்த வகுப்பின் சுவரிலும் கடிகாரம் இல்லை. யோசனைக்கு மணி பார்க்கத் தெரியாது என்று ஓட்டல் காலத்திலிருந்து ஒன்றைக்கூட மாட்ட விடாதவர் அவர். கை தானாகக் கீழே வந்தது.

"இறக்காதீங்க, ப்ரொஃபசர்," என்றார் தியெரி மெதுவாக, அவர் முகத்தைப் பார்க்காமல். "இன்னும் எண்ணி முடிக்கல."

அவமானத்தில் காது சுட்டது. ஆனாலும் தன் சட்டத்தைத் தானே மீற அவருக்கு வரவில்லை. கையை மறுபடி உயர்த்தினார்.

பாடத்தின் இரண்டாம் பகுதியைத் தியெரி எண்ணிக்கொண்டே வரிசையாகக் கொடுத்து வந்தார். உண்மையில் என்ன நடந்தது என்பதைச் சொல்லும் பகுதி அது. காலையிலேயே அச்சடித்து வைத்திருந்தார்கள். இடது கையால் வாங்கி முதல் வரியைப் படித்தார் மொனார்.

'தன்னை அனுப்பிவிடும்படி, எல்லோர் முன்னிலையிலும், பேக்கரிக்காரரே சொன்னார்.'