இடுக்குக்கு மேலே ஆடுகள்

முதல் கல் உருண்டபோது ரெகுலா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பனி உருகும் மாதத்தில், கறுப்பு இடுக்கு என்ற இந்தச் செங்குத்தான மலைப் பிளவில் கல் விழுவது புதிதல்ல. இரண்டாவது கல் அன்னெலீஸின் இடது தோளில் விழுந்தது.

அன்னெலீஸ் கத்தவில்லை. பாறையோடு சாய்ந்து உட்கார்ந்தாள், அவ்வளவுதான். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. ரெகுலா அவளை இழுத்துக்கொண்டு, பக்கவாட்டில் துருத்தி நின்ற பாறைக்கு அடியில் ஒடுங்கினாள். இரண்டு பேர் இடித்துக்கொண்டு உட்காரத்தான் இடம். பாதையின் இரும்புச் சங்கிலி அவர்கள் இடுப்பை உரசியபடி மேலே போனது. இருவரின் இடுப்புவார்க் கொக்கியும் அதில்தான் மாட்டியிருந்தது.

"கை தூக்க முடியுதா?"

"முடியல. உள்ள ஏதோ நகருது."

வனவிலங்குக் காப்பகத்துக்குள் இருக்கும் மலை விடுதியை ரெகுலா நடத்துகிறாள். அன்னெலீஸ் அவள் கணவன் யோஸ்டின் தங்கை. கோடையில் மலையேறுபவர்கள் வருவதற்குள் சங்கிலிகளைச் சோதித்து வர இருவரும் காலையில் கிளம்பியிருந்தார்கள். யோஸ்ட் காப்பகத்தின் காவலர். இந்த வழியைக் கோடையில் மூடிவிட வேண்டும், குட்டி போட்ட ஐபெக்ஸ் என்ற மலையாடுகள் மேலே தங்குகின்றன என்று அவன் ஊர்க்கூட்டத்தில் கேட்டான். மூடினால் பாதி மலையேறிகள் விடுதிப் பக்கமே வரமாட்டார்கள் என்று ரெகுலா எழுந்து எதிர்த்துப் பேசினாள். கைகள் உயர்ந்தன. ரெகுலா ஜெயித்தாள். அவளுக்காகக் கை தூக்கியவர்களில் அன்னெலீஸும் ஒருத்தி. அன்றிலிருந்து வீட்டில் கணவன் மனைவிக்குள் உப்பு எங்கே, சாவி எங்கே என்பதற்கு மேல் பேச்சில்லை.

தோள்பையில் இருந்த வாக்கி டாக்கி கரகரத்தது. ரெகுலா அவசரமாக ஒலியைக் குறைத்தாள்.

"அசையாத." யோஸ்டின் குரல். "உனக்கு நேர் மேல ஆடுங்க நிக்குது. எல்லாம் குட்டியோட. சத்தம் கேட்டா இடுக்குக்குள்ளதான் இறங்கும். மொத்தக் கல்லும் உங்க தலையிலதான்."

"எங்க இருக்க?"

"எதிர்ச் சரிவுல. தொலைநோக்கில பாத்துட்டுத்தான் இருக்கேன். அவளுக்கு என்ன?"

"தோள்பட்டை எலும்பு போயிருக்கும்னு நினைக்கிறேன்."

 தான் மேற்கு முகடு வழியாகச் சுற்றி வருவதாக யோஸ்ட் சொன்னான். ஆடுகள் தன்னைத் தூரத்திலேயே பார்க்கும்படி மெதுவாக நடந்து வரப்போகிறான்; பயப்படாமல் விலகினால் கிழக்குப் புல்வெளிக்குப் போகும். அதுவரை இருமக்கூடக் கூடாது.

நான் அப்போதே சொன்னேன் என்று அவன் சொல்வான் என ரெகுலா காத்திருந்தாள். அவன் சொல்லவில்லை. அது அவளுக்கு இன்னும் கலக்கமாக இருந்தது.

மேலே குளம்புகள் பாறையில் தட்டும் ஓசை கேட்டது. ஒரு குட்டி எங்கோ கத்தியது. சின்னக் கற்கள் சரசரவென்று வழிந்து அவர்கள் பாதங்களுக்கு முன்னால் தெறித்தன. அன்னெலீஸ் தன் கழுத்துத் துணியைப் பல்லுக்கு நடுவே கடித்துக்கொண்டிருந்தாள். ரெகுலா அவள் கையைத் தன் பை வாரால் மார்போடு சேர்த்துக் கட்டினாள். ஒவ்வொரு முடிச்சுக்கும் அன்னெலீஸின் கண்களில் நீர் தளும்பியது.

அப்போதுதான் தெற்கே முதல் இடி கேட்டது.

பள்ளத்தாக்கின் வாய் முழுவதும் கருநீலமாக அடைத்துக்கொண்டு வந்தது. காற்று சட்டென்று குளிர்ந்தது. முகட்டில் யோஸ்ட் தெரிகிறானா என்று ரெகுலா பார்த்தாள். எறும்பளவில் ஒரு உருவம், நடுவில்கூட வந்திருக்கவில்லை. மேகம் அவனை முந்திவிடும் என்பது பார்த்ததுமே தெரிந்தது.

அடுத்த இடிக்குச் சங்கிலி லேசாக முனகியது. காதில் விழுந்ததா, மனப்பிரமையா என்று தெரியவில்லை. ஆனால் அன்னெலீஸும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெகுலா, இந்த இரும்பு."

"தெரியும்."

மின்னல் முகட்டில் இறங்கினால் சங்கிலி வழியாக நேரே இவர்களிடம்தான் வரும். கொக்கியைக் கழற்றினால் பிடிமானம் இல்லை. இடுக்கின் மறுகரையில், சங்கிலியை விட்டு விலகி, திண்ணமான ஒரு பாறைக் கொம்பு நீட்டிக்கொண்டிருந்தது. அங்கே போகக் கல் விழும் நடுப்பகுதியைக் கடக்க வேண்டும். அசையாதே என்றிருக்கிறான் யோஸ்ட்.

அவனைக் கேட்க வாக்கி டாக்கியை எடுத்தாள். பிறகு பைக்குள்ளேயே வைத்துவிட்டாள். மேலே கூர்ந்து கேட்டாள். குளம்போசை நின்றிருந்தது, ஆடுகளும் இடியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தன.

பையிலிருந்த கயிற்றின் ஒரு முனையை அன்னெலீஸின் இடுப்பிலும் மறுமுனையைத் தன் இடுப்பிலும் கட்டி, தன் கொக்கியைக் கழற்றினாள். கைகளால் பாறையைத் துழாவி, பூனைபோலக் குறுக்கே போனாள். நடுவில் ஈரமான பாசியில் வலது கால் வழுக்கியது. வயிறு பாறையில் அடித்து, விரல்கள் ஒரு பிளவில் சிக்கிக்கொண்டன. மூச்சை அடக்கியபடி அப்படியே கிடந்தாள். மேலிருந்து எதுவும் வரவில்லை. தவழ்ந்து மறுகரையை எட்டி, கயிற்றைப் பாறைக் கொம்பில் இரண்டு சுற்று சுற்றினாள்.

அன்னெலீஸ் ஒரே கையால் கொக்கியை விடுவித்தாள். கண்ணை மூடிக்கொண்டு வந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். ரெகுலா கயிற்றை அங்குலம் அங்குலமாக இழுத்துக்கொண்டாள். அவள் வந்து ரெகுலாவின் மடியில் விழுந்தாள்.

மின்னல் வெட்டியது. எங்கே இறங்கியதென்று தெரியவில்லை, உலகமே வெள்ளையானது. அடுத்த கணம் ஆடுகள் ஓடின. நல்லவேளையாக யோஸ்ட் அதற்குள் முகட்டின் பாதியை எட்டி, ஆடுகளுக்குத் தெரியும்படி நின்றிருந்தான். அவனைக் கண்டு மந்தையின் பெரும்பகுதி கிழக்கே திரும்பியது. ஆனால் நாலைந்து ஆடுகள் இடுக்குக்குள்ளேயே பாய்ந்தன. அவற்றுக்கு முன்னால் கற்கள் குதித்து இறங்கின. சற்று முன் இருவரும் ஒடுங்கியிருந்த இடத்தில் அடுப்பளவு பாறை ஒன்று மோதி, சங்கிலியை ஆணியோடு பிடுங்கிக்கொண்டு போனது.

மழை கொட்டத் தொடங்கியதும் ரெகுலா அன்னெலீஸைக் கயிற்றில் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கினாள். யோஸ்ட் மறுபக்கம் சுற்றி ஓடிவந்து, இடுக்கின் அடியில் தங்கையைக் கைகளில் வாங்கிக்கொண்டான்.

"இப்ப சொல்லேன்" என்றாள் ரெகுலா. "அப்பவே சொன்னேன்னு சொல்லு."

யோஸ்ட் தங்கையின் முகத்தில் வழிந்த மழையைத் துடைத்தான். நிமிரவில்லை.

"காலையிலேயே ஆடுங்களப் பாத்துட்டேன். நீங்க ரெண்டு பேரும் உள்ள நுழையறதயும் பாத்தேன். வாக்கி டாக்கி கையிலதான் இருந்துச்சு. நீயே கண்ணால பாத்துக்கோன்னு விட்டுட்டேன். கல்லு இவ மேல விழும்னு நினைக்கல."

ரெகுலாவுக்கு அடிக்க வேண்டும்போல வந்தது. அடிக்கவில்லை. அன்னெலீஸ்தான் பேசினாள்.

"ரெண்டு பேரும் உங்க சண்டையில என் தோள இழுக்காதீங்க. மொதல்ல என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க."

மேகம் விலகியதும் ஹெலிகாப்டர் வந்தது. எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. கோடைக் கடைசியில் நடக்கும் இரண்டாவது புல் அறுப்புக்குள் அது கூடிவிட்டது. ஆனால் அண்ணனோடு அவள் பேசியது முதல் பனி விழுந்த பிறகுதான்.

ரெகுலா அன்றிரவே பேசினாள். ஈரக் காலணிகள் அடுப்பருகில் காய்ந்துகொண்டிருந்தன. யோஸ்ட் பேரிக்காய் ரொட்டியை அறுத்து அவள் முன் வைத்தான்.

"நான் செஞ்சது தப்புதான்" என்றாள். "அந்த வழிய மூடலாம். ஆனா நீ செஞ்சத நான் சட்டுனு மறந்துடுவேன்னு நினைக்காத. என் மேல எவ்வளவு கோபம் இருந்தாலும், தலைக்கு மேல கல்லு இருந்தா கூப்பிடணும். புரியுதா?"

"புரியுது."

அவள் ரொட்டியைத் தொடவில்லை. ஆனால் எழுந்தும் போகவில்லை. அவன் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.