எந்த உப்பு

"உப்பு எப்படி இருக்குதுங்கண்ணே?" என்று போன் கேட்டபோது என் வீட்டுக்காரர் அரசப்பன் உப்பளப் பாத்தியிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். ஈரக்கையோடு போனை வாங்கி, "கொறஞ்சிடுச்சும்மா" என்றார். "ரொம்ப சந்தோஷம்ண்ணே" என்றது அந்தக் குரல். எனக்கு வந்ததே கோபம். பருவம் தப்பிப் பெய்த மழையில் எங்கள் பாத்தி உப்பெல்லாம் கரைந்து கிடக்கிறது, இவளுக்கு என்ன சந்தோஷம் வேண்டிக்கிடக்கிறது?

இவள் என்று சொன்னாலும் ஆள் கிடையாது. அவருக்குக் கிட்னி பழுது என்று தெரிந்ததும் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் ஏற்பாடு செய்துகொடுத்த கம்ப்யூட்டர் குரல். அருள்மொழி என்று பேர் வேறு வைத்திருந்தார்கள். கம்ப்யூட்டருக்குள் அவரைப் போலவே இன்னொரு அரசப்பனைச் செய்து வைத்திருக்கிறார்களாம். இவர் தினமும் சொல்வதை வைத்து அந்த உடம்பு முன்கூட்டியே ஓடிப் பார்க்குமாம். அந்த அரசப்பனுக்கு முடியாமல் போனால் இவரை உடனே கூப்பிட்டுவிடுவார்களாம். டாக்டரம்மா விஜயலட்சுமி பொறுமையாகத்தான் விளக்கினார். "அவருக்கும் சேத்து நானே வடிச்சுக் கொட்டணுமாங்க?" என்று கேட்டேன். சிரித்தார். எனக்கு உள்ளுக்குள் என்னவோ போலிருந்தது. எனக்குத் தெரியாத ஓர் இடத்தில் என் புருஷன் உட்கார்ந்து மூச்சு விடுகிறார் என்றால் யாருக்குத்தான் இருக்காது?

"உப்பு கொறஞ்சிருக்கறதால இந்த மாசம் ரத்தம் எடுக்க வேணாம்ண்ணே" என்றது குரல் இன்னொரு நாள். அவருக்குக் கொண்டாட்டம். ரத்தம் கொடுக்கப் போனால் அன்றைக்கு வேலை கெடும். "உப்பத் தின்னவன் தண்ணி குடிச்சாகணும்பாங்க, எனக்குத் தண்ணியே அளந்துதான்" என்று சொம்பைப் பார்த்துச் சிரிப்பார். அந்த முகம் நாளுக்கு நாள் உப்பிக்கொண்டே வந்தது. காலை அழுத்தினால் குழி அப்படியே நின்றது. ஒருநாள் காலையில் உப்பு வாரும் பலகையைப் பாத்தியிலேயே போட்டுவிட்டு வரப்பில் சாய்ந்துவிட்டார். என் கொழுந்தன் தேசப்பன்தான் ஆட்டோவில் போட்டுப் பாண்டிக்குக் கொண்டுபோனான்.

ஆஸ்பத்திரியில் அவருக்கு ஆக்சிஜன் வைத்துவிட்டு டாக்டரம்மா திரையைத் திருப்பிக் காட்டினார். பச்சை நிறத்தில் ஓர் ஆள் நடந்துகொண்டிருந்தது. முகம் இல்லை. ஆனால் இவரைப் போலவே வலது தோள் இறங்கியிருந்தது. "எங்களுக்கே புரியலம்மா. உள்ள இருக்கற இவரு நல்லாத்தான் இருக்காரு. உங்க வீட்டுக்காரரும் உப்பு கொறஞ்சிடுச்சுன்னு தினம் சொல்லியிருக்காரே" என்றார். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஐயோ, அது பாத்தி உப்புங்க. எங்க ஊருல உப்பு எப்படின்னு கேட்டா வேற எதச் சொல்லுவாங்க?"

டாக்டரம்மா திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். ரத்தத்தில் சேரும் கழிவை நம் சனங்கள் உப்பு என்றுதானே சொல்கிறார்கள், அவர்களுக்குப் புரியட்டும் என்றுதான் அந்தச் சொல்லை அந்தக் குரலுக்குக் கற்றுக்கொடுத்தார்களாம். டயாலிசிஸ் தொடங்கினார்கள். இந்த ராத்திரி தாண்டட்டும், அப்புறம்தான் எதையும் சொல்ல முடியும் என்றார்கள். "இனிமே அதுக்கு ரெண்டு உப்பும் தெரியும்மா. கம்ப்யூட்டருக்குள்ள இருக்கறவருக்கும் சரியான அளவ ஏத்தியாச்சு" என்றார் டாக்டரம்மா.

தேசப்பனை அங்கே விட்டுவிட்டு மாற்றுத்துணி எடுக்க நான் மட்டும் வீட்டுக்கு வந்தேன். பொழுது சாய்கிற நேரத்தில் போன் அடித்தது.

"அக்கா, அருள்மொழி பேசறேன்."

"அவரு ஆஸ்பத்திரியில இருக்கறது உனக்குத் தெரியாதா?"

"தெரியும்க்கா. உள்ள இருக்கறவரப் பத்திச் சொல்லத்தான் கூப்ட்டேன்."

"எப்படி இருக்காரு?"

எதையாவது சொல்லுமுன் மூக்கை உறிஞ்சுவது என் வீட்டுக்காரர் வழக்கம். அந்தச் சத்தம் போனுக்குள்ளிருந்து வந்தது.

"உப்பு கூடிடுச்சுக்கா."

"எந்த உப்பு?"

"எந்த உப்புடி?" என்று கத்தினேன். இணைப்பு அறுந்திருந்தது.

வாசலுக்கு ஓடினேன். காலையில் அவர் விழுந்ததிலிருந்து எங்கள் பாத்தியில் யாரும் கால் வைக்கவில்லை. மழைத்தண்ணீர் நின்ற அந்த இடம் ஒரே பகலில் வரப்புக்கு வரப்பு வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. அந்த உப்பாகவே இருக்கட்டும், தாயே, அந்த உப்பாகவே இருக்கட்டும் என்று வாய்விட்டுச் சொன்னேன். கையில் போன் மறுபடி அதிர்ந்தது. தேசப்பன் பெயர் வந்தது. எடுக்கக் கை வரவில்லை. நடுப்பாத்தியில் அவர் போட்டுவிட்டுப் போன பலகை அப்படியே கிடந்தது. அதன் கைப்பிடி வரைக்கும் உப்பு ஏறியிருந்தது.