நுரைக்கோட்டையின் ஏழாவது வாசல்

நுரைக்கோட்டை நாவல்கள் நாலிலும் அட்டையில் 'வலியசாலை பஞ்சாபகேசன்' என்று போட்டிருக்கும். பஞ்சாபகேசன் நான்தான். ஐந்தாம் பாகம் ஏன் வரவில்லை என்று இன்னும் கடிதம் வருகிறது. அவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். வந்த நாலு பாகத்திலும் ஒரு வரிகூட என்னுடையதல்ல.

எழுதியவள் என் மனைவி வாலாம்பாள். எங்கள் ஒரே பெண் விஜயம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றில் விஷஜுரத்தில் போனாள். வயது ஐந்து. பத்தாம் நாள் காரியம் முடிந்ததும் நான் சர்க்கார் கச்சேரிக்கு வேலைக்குப் போய்விட்டேன். ஆண்பிள்ளைக்குப் போக ஓர் இடம் இருக்கிறது. வாலாம்பாளுக்கு இல்லை. மறு வருஷம், நான் கச்சேரியிலிருந்து கொண்டுவந்து போட்டிருந்த பழைய சர்க்கார் பாரக் காகிதங்களின் பின்புறத்தில் அவள் பென்சிலால் எழுத ஆரம்பித்தாள்.

கதை இதுதான்: விழிஞ்ஞம் கடற்கரைப் பாறைக்கு அடியில் கடலரசன் நுரையாலேயே ஒரு கோட்டை கட்டி வைத்திருக்கிறான். குமிழி என்ற சிறுமியை அலை அங்கே இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. கோட்டைக்கு ஏழு வாசல், வாசலுக்கு ஒரு பூதம். ஒரு பூதத்துக்கு உறக்கமே வராது. இன்னொன்றுக்குத் தன் பெயர் மறந்துவிட்டது. குமிழி அவற்றோடு பேசிப் பேசியே ஒவ்வொரு வாசலாகக் கடக்கிறாள். களைத்தால் எப்போதும் தன் இடது காதைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறாள். ஏழாவது வாசலைத் தாண்டினால் அவளுடைய வீடு. வருஷத்துக்கு ஒரு வாசல் என்று ஆறு வாசல் கடந்திருந்தாள்.

நான் அதையெல்லாம் மசியில் நகல் எடுத்து மதராஸ் மாதப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்புவேன்; ஆறு வாசலும் பிறகு நாலு பாகமாகப் புத்தகமும் ஆயின. அக்கிரகாரத்துப் பெண்ணின் பெயர் அச்சில் வந்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று என் பெயரைப் போட்டேன். அப்படித்தான் அப்போது சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், அச்சில் என் பெயரைப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது.

குளத்தங்கரையில் பெண்கள் வாலாம்பாளைச் சீண்டுவார்களாம், குமிழி கதை எழுதுகிறவர் பெயர் என்னடி என்று. புருஷன் பெயரைச் சொல்லலாமா? "எங்காத்துக்காரர்" என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். தன் கதைக்குப் போட்ட பெயரைச் சொல்லக்கூட அவளுக்கு வாய் கிடையாது. எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. மூடன்!

முப்பத்தெட்டில், கிழக்கேகோட்டையில் ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் எனக்குச் சரிகை அங்கவஸ்திரம் போர்த்தினார்கள். தலைமை வகித்தவர் எங்கள் கச்சேரி சூப்பிரண்டு குற்றாலலிங்கம் பிள்ளை. நாஞ்சில் நாட்டுக்காரர், வாய்த்துடுக்கு அதிகம்.

"என்ன ஓய், அந்தக் குட்டி வீடு போய்ச் சேருவாளா? எல்லாம் சுபமா முடிஞ்சா, பிள்ளையளுக்குச் சொல்லுத கதையால்லா ஆயிரும்?" என்றார்.

முன்வரிசையில் வக்கீல்கள் உட்கார்ந்து சிரித்தார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. முகத்தைக் கனமாக வைத்துக்கொண்டு எழுந்தேன்.

"சேரமாட்டாள். ஏழாவது வாசலில் நுரையோடு நுரையாகக் கரைந்துபோவாள். போனவர்கள் திரும்புவதில்லை."

கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. யாரோ பத்திரிகைக்கு எழுதிப்போட்டார்கள். அடுத்த இதழில் கட்டம் கட்டிப் போட்டுவிட்டார்கள்: குமிழி கரைந்துபோகும் கடைசிப் பாகம் விரைவில், ஆசிரியரே அறிவித்தது.

வாலாம்பாள் அரிசி களைந்துகொண்டிருந்தவள் ஈரக் கையோடு அதைப் படித்தாள். பிறகு என் முன்னால் வந்து நின்றாள்.

"ஆறு வருஷமா விஜயத்தைக் கையைப் பிடிச்சு ஆத்துக்கு அழைச்சிண்டு வந்துண்டிருந்தேன். இன்னும் ஒரே ஒரு வாசல். நீங்க சபையில வெச்சு அவளைக் கொன்னுட்டு வந்துட்டேளே!"

"குமிழி... விஜயமா?" என்றேன்.

ஆறு வருஷம் நகல் எடுத்தவன் கேட்கிற கேள்வி அது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபித்திருந்தால்கூடத் தேவலை.

"மதி, போறும். இனி நான் எழுதல்லை. மிச்சத்தைப் பஞ்சாபகேசன் எழுதட்டும்."

கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அவள் வாயிலிருந்து என் பெயர் வந்தது அன்றைக்குத்தான்.

பத்திரிகையிலிருந்து தந்தி மேல் தந்தி வந்தது. அறிவிப்பு எப்படியும் போகட்டும், குமிழியை வீடு சேர்த்துவிடுவது என்று உட்கார்ந்தேன். ஒரு மாதம் கச்சேரிக்கு லீவு போட்டு எழுதினேன், கிழித்தேன், மறுபடி எழுதினேன். பெற்ற பெண்ணுக்கு நான் அழுத அழுகையெல்லாம் அந்த மாதத்தில்தான்.

ஒரு காலையில் சமையலறை வாசலில் உட்கார்ந்து உரக்க வாசித்தேன். உள்ளே அவள் கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஏழாவது வாசல் திறந்தது. குமிழி உப்புத் தண்ணீர் சொட்டச் சொட்ட எங்கள் வலியசாலைத் தெருவில் ஓடி வந்தாள். அரிவாள்மணைச் சத்தம் நின்றது. குமிழி அம்மாவின் மடியில் ஏறிப் படுத்து, வலது காதைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனாள்.

காகிதத்தைக் கீழே வைத்தேன்.

"எப்படியிருக்கு, வாலாம்பா?"



"எடது காது" என்றாள். பிறகு மறுபடியும் நறுக்க ஆரம்பித்தாள்.