மீண்டும் முயல்க

வாசலில் ஆண்கள் கலிமா சொல்லிக்கொண்டே மையத்து வைத்த சந்தூக்குப் பெட்டியைத் தூக்கியபோது, உள்ளறையில் நிலோபர் முந்தானைக்குள் கைப்பேசியை மறைத்து, ஸ்கேன் ரிப்போர்ட்டை மறுபடியும் ஏஐக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். சின்ன வட்டம் கொஞ்ச நேரம் சுற்றியது. வழக்கம்போல நின்றது. ‘இணைப்பு இல்லை. மீண்டும் முயல்க.’

கணவன் சமீரின் மையத்து தெருமுனை திரும்பும் முன்பே போனை நோண்டுகிறாள் என்று பார்த்தவர்கள் பேசத்தான் செய்வார்கள். அது அவளுக்குத் தெரியாமலில்லை. ஆனால் காலையில் சமீரின் அக்கா சைதூன் பீவி எல்லாப் பெண்களுக்கும் முன்னால் ஒன்று கேட்டுவிட்டாள்.

“திருவனந்தபுரத்துக்குக் கொண்டு போயிருந்தா என் தம்பி பொழச்சிருப்பாம்லா? வீட்டுக்கு எதுக்குட்டி கூட்டியாந்த?”

அதே கேள்வியைத்தான் நிலோபரும் விடியலில் இருந்து தன்னிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் ஈரல் கெட்டுவிட்டது என்றார்கள். மேற்கொண்டு பார்ப்பதானால் திருவனந்தபுரம், இல்லையென்றால் வீடு. நீங்களே முடிவு செய்யுங்கள் என்று அவள் கையில் விட்டுவிட்டார்கள். சமீர் வீடு என்றான். அவள் மாட்டேன் என்று அழுதாள். கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. ரிப்போர்ட்டை ஏஐயிடம் காட்டிக் கேட்பது. அது போகச் சொன்னால் மறுபேச்சுப் பேசாமல் வண்டியில் ஏறுவது.

“சரிட்டி. உன் அமெரிக்கா டாக்டர் சொன்னா வாரேன்” என்று சிரித்தான்.

தென்காசி பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தவன் அவன். செத்த போனையும் பேச வைத்துவிடுவான் என்று பெயர். அதனால் படம் ஏறாதபோதெல்லாம் அவள் அவனிடம்தான் போய் நின்றாள். படுத்தபடியே, மஞ்சள் பூத்த கண்ணைப் பாதி திறந்து வழி சொன்னான். ஆப்பை மூடிவிட்டுத் திறக்கச் சொன்னான். ஏரோப்ளேன் மோடு போட்டு எடுக்கச் சொன்னான். வைஃபையை அணைத்து டேட்டாவில் போட்டுப் பார்த்தாள். படத்தின் அளவைக் குறைத்தாள். குற்றாலத்துச் சாரல் முகத்தில் அடிக்க மொட்டைமாடியில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒன்றும் நடக்கவில்லை.

“வாட்ஸ்அப்ல மட்டும் எல்லாம் போகுதே மச்சான்?”

“அது வேற, இது வேற. இதுக்கு சர்வர் எங்கனயோ கெடக்கு. அங்கன கூட்டமா இருக்கும்.”

“ஆப்பை அழிச்சிட்டுத் திரும்ப ஏத்திப் பாக்கட்டா?”

“ஏட்டி, அத மட்டும் செஞ்சிராத. பழசெல்லாம் போயிரும்.”

பழசு என்று அதில் என்ன இருந்தது? நேற்று மாலை அந்தக் கேள்வியை அவள் கேட்கவில்லை. கேட்கும்படி அவனும் இல்லை. அவளுடைய விரலைப் பிடித்துக்கொண்டு, “நாளைக்குப் போவும்ட்டி” என்று மட்டும் சொன்னான். விடியலில் அந்தப் பிடி தளர்ந்திருந்தது.

அடக்கம் செய்ய கபுர்ஸ்தானுக்குப் போனவர்கள் திரும்பி வந்து வாசலில் கால் கழுவும் சத்தம் கேட்டது. கணவனை இழந்து இத்தா இருக்கிறவள் அந்நிய ஆண் முன்னால் போகக் கூடாது. நிலோபர் தன் தங்கை ஹம்னாவின் கையில் போனைக் கொடுத்தாள். சமீருடன் கடையில் வேலை பார்த்த யாக்கூப் வெளியே இருப்பார், இது ஏன் ஏறவில்லை என்று பார்க்கச் சொல் என்றாள். ஹம்னா அக்காவின் முகத்தைப் பார்த்தாள். போனை வாங்கிக்கொண்டு போனாள்.

திரைக்கு அந்தப் பக்கம் யாக்கூப்பின் குரல் கேட்டது.

“நெட்டுல ஒரு கொறையும் இல்ல ஹம்னா. செட்டிங்ஸ்ல இந்த ஆப்புக்கு மட்டும் நெட்ட அடச்சு வச்சிருக்கு. பிள்ளைங்க கேம் ஆடக் கூடாதுன்னு தாய்மாரு வந்து கேட்டா, கடையில நாங்க பண்ணிக் குடுக்கதுதான்.”

“அது தானா ஆவுமா காக்கா?”

“தானா எப்படி ஆவும்? தெரிஞ்சவன்தான்…”

யாரோ சொம்பைக் கீழே வைத்தார்கள்.

ஹம்னா போனைக் கொண்டுவந்து அக்காவின் மடியில் வைத்தாள். யாக்கூப் அந்த செட்டிங்ஸ் பக்கத்தை மூடாமலே கொடுத்திருந்தார். வைஃபைக்கு ஒன்று, டேட்டாவுக்கு ஒன்று என இரண்டு சின்னப் பொத்தான்கள். இரண்டும் இப்போது பச்சையாக இருந்தன. மருந்து கொடுக்க அவள் டம்ளர் கழுவப் போன ஒரு நேரத்தில், இந்த இரண்டையும் சமீர் தேடித் தொட்டு அணைத்திருக்க வேண்டும்.

நிலோபர் ஏஐயைத் திறந்தாள். வட்டம் ஒரு சுற்றுக்கூட முழுதாகச் சுற்றவில்லை. படம் ஏறிவிட்டது. எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன.

‘ரிப்போர்ட் கிடைத்தது. பதில் சொல்வதற்கு முன் ஒரு விவரம் வேண்டும். நோயாளி இப்போது எப்படி இருக்கிறார்?’

கீழே பதில் எழுதும் கோடு மினுங்கி மினுங்கிக் காத்திருந்தது.

சைதூன் பீவி அறைக்குள் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். “யாருட்டி போன்ல?” என்று கேட்டாள்.

“யாருமில்ல மைனி.”

நிலோபர் செட்டிங்ஸுக்குப் போனாள். பச்சையாக இருந்த இரண்டையும், அவன் வைத்திருந்தது போலவே, ஒவ்வொன்றாகத் தொட்டு அணைத்தாள்.