தற்காலிகக் குரல்

…இன்னும் நேரமிருக்கிறது, விளம்பரம்தான் ஓடுகிறது, இப்போதே சொல்லிவிடலாம், அம்மா, படத்தில் பேசுவது நானில்லை, இதில் என்ன இருக்கிறது, ஆனால் பக்கத்து இருக்கையில் அம்மா கலியாணவீட்டுச் சீலையில் வந்து உட்கார்ந்திருக்கிறாள், பாரிஸ் லா சப்பலில் அவள் வேலை செய்யும் மரக்கறிக் கடையில் கூட நிற்கிற கோசலை அன்ரிக்கும் வந்துபோகிற சனத்துக்கும் ஒரு கிழமையாக இதே கதைதான், முருங்கைக்காயை நிறுத்தபடியே, "என்ர மகள் பிரெஞ்சுப் படத்திலை பேசியிருக்கிறாள், காட்டூன்தான், ஆனால் பெரிய படம்," என்று… பொய்யுமில்லை. ஷிரோமி பேசினாள்தான். இரண்டு வருடம். ஸ்டூடியோவில் கோப்பி வாங்கிக்கொடுத்து, கோப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தவளை ஒருநாள் இயக்குநர் ஆனைஸ் மைக்கின் முன்னால் இருத்தி, நாயகியின் வசனத்தை நீ வாசி, வரைகிறவர்களுக்குக் காதில் ஏதாவது விழவேண்டும், தற்காலிகம்தான், பிறகு ஒரு நடிகை வருவாள் என்றாள். முகத்துக்கு நேரே ஒரு கமராவும் வைத்தார்கள், அவளுடைய முகத்தையும் வாயசைவையும் பார்த்து நாயகியை வரைவதற்கு. தற்காலிகம் என்பதைக் கேட்டாள், கேட்காமலும் இருந்தாள், கடலில் தொலைந்த அண்ணனைத் தேடிச் சின்னப் படகில் போகிற லிஸ் என்ற சிறுமிக்காகக் கத்தினாள், கெஞ்சினாள், மேசைக்கடியில் குந்தியிருந்து அழுதாள், கேட்டுக் கேட்டுப் பழகி இதையே வைத்துக்கொள்வார்களோ என்று… நடிகை வந்தாள். மூன்று நாளில் பேசி முடித்தாள். நல்ல பெண், போகும்போது ஷிரோமிக்குக் கைகூடக் கொடுத்தாள்.

இருட்டு. படகு. லிஸ் திரும்பிப் பார்த்து வாயைத் திறக்கிறாள், வேறொருத்தி பேசுகிறாள். தயங்கி நிற்கிற இடமெல்லாம் தன்னுடையது, மூச்சு வாங்குகிற தோள் தன்னுடையது, சொல்லுக்கு முன்னால் ஏறுகிற புருவம்கூட, ஆனால் அந்த உடம்புக்குள்ளிருந்து வருவது யாரோ ஒருத்தியின் தெளிந்த குரல், அழகான குரல், அதுதான் தாங்கமுடியவில்லை… அம்மா ஏன் ஒன்றும் கேட்கவில்லை? ஒரு மணித்தியாலமாகிறதே. பிரெஞ்சுக் குரலெல்லாம் அவளுக்கு ஒன்றுபோலவா, அல்லது என் மகள் பிரெஞ்சில் இப்படித்தான் பேசுவாள் என்று நினைத்துக்கொண்டாளா, அப்படியென்றால் அதுவும் வலிக்கிறதே.

திரையில் அலை எழும்புகிறது, படகோட்டி பயமா என்று கேட்கிறான். லிஸ் வாயைத் திறக்கிறாள், மூடுகிறாள், பிறகு, இல்லை என்கிறாள். அம்மா மெல்லச் சிரித்தாள்.

"பொய் சொல்லுறாள்."

"உங்களுக்கு என்னெண்டு தெரியும்?"

"உன்ர வாயெல்லோ அது. சின்னனிலையிருந்தே பொய் சொல்ல முதல் ஒருக்காத் திறந்து மூடுவாய்." பிறகு, திரையிலிருந்து கண்ணெடுக்காமல், "பேசுறது ஆரோ ஒருத்தி. அது முதலே விளங்கிட்டுது. சத்தம் போடாமல் படத்தைப் பார்."

ஷிரோமி படத்தைப் பார்த்தாள். அம்மா கண்டுபிடித்துவிட்டாள், யாராவது ஒருத்தர் அந்தச் சிறுமிக்குள் தன்னைக் காணமாட்டார்களா என்றுதானே இத்தனை நாள் ஏங்கியது, இப்போது சந்தோஷம் வரவேண்டும், வரத்தான் செய்கிறது… ஆனால் சின்னனிலையிருந்தே என்றால், எல்லாப் பொய்யுமா? காதலித்த றொஜரோடு எல்லாம் முடிந்துபோன அந்த மாதம், பிறகு ஸ்டூடியோவில் இனி வேலையில்லை என்ற மாதம், ஞாயிறுகளில் அம்மா தன் வீட்டு வாசலில் மரக்கறிப் பையை நீட்டி, எப்படியிருக்கிறாய் பிள்ளை என்று கேட்டபோதெல்லாம் நல்லாயிருக்கிறன் என்றாளே, ஒவ்வொரு முறையும் அந்த வாய் திறந்து மூடியதைப் பார்த்துக்கொண்டா, சரி, கவனமாய்ப் போ, என்று அம்மா கதவைச் சாத்தினாள்…