துடுப்போடு போனவை

1

காலை ஒன்பது இருபதுக்கு மாவிஸ் கத்தரியைக் கீழே வைத்தாள்.

இந்தக் கதை அதிலிருந்துதான் பிறந்தது. அவளுக்கு அடுத்த இருக்கையில் நான் இருந்தேன். சுவர்க்கடிகாரம் எதிரே இருந்தது. மற்றதில் பாதி கேட்டது, மீதி [இங்கே ‘பொய்’ என்று எழுதி அடித்திருக்கிறேன்] இட்டு நிரப்பியது.

கத்தரியை வைத்த பிறகும் அவள் கைகள் நிற்கவில்லை. தொட்டியில் மயங்கிக் கிடந்த மீன்குஞ்சை எடுத்தாள். குளத்துக்குப் போகும் ஓடுநீர்க் குழாயில் விட்டாள். அடுத்ததை எடுத்தாள். விட்டாள். எதையும் வெட்டவில்லை.

மேசையைச் சுற்றி இருந்த எல்லோருக்கும் அதன் பொருள் தெரியும். உங்களுக்குத் தெரியாது. அதனால் கதை எழுத வேண்டியிருக்கிறது.

2

முதல் தொடக்கம்: “டூலன் ஆறு ஆரிகன் மாநில மலைகளிலிருந்து இறங்கி ஒரே நாளில் கடலைத் தொட்டுவிடும். அதன் நீர்...”

ஆற்றில் தொடங்கினால் ஆறே எல்லாவற்றையும் அழகாக்கிவிடும். கைவிட்டேன்.

இரண்டாவது: “பிப்ரவரியில் ஆர்லோ ஹால்வர்சன் மூழ்கி இறந்தான். மாவிஸ் அவன் மனைவி.” இது சரி. ஆனால் இரண்டாவது வாக்கியத்துக்குள் நீங்கள் அவனுக்காக வருந்தத் தொடங்கிவிடுவீர்கள். ஆர்லோவுக்கு அது பிடிக்காது. யாராவது தன்னைக் கவனித்தால் தூண்டில் பெட்டிக்குள் தலையைவிட்டு எதையோ தேடுகிற ஆள் அவன்.

மூன்றாவது, வெறும் விளக்கம். இதையே வைத்துக்கொள்கிறேன்.

ஸ்டீல்ஹெட் ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்கே திரும்பும் மீன். டூலனில் காட்டு மீன் குறைந்துவிட்டது. பிடித்தால் விட்டுவிட வேண்டும். பண்ணையில் வளர்த்து ஆற்றில் விட்ட மீனைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். எது எது என்று காட்டுவது முதுகில், வாலுக்குச் சற்று முன்னால் இருக்கும் ஒரு சிறிய சதைத் துடுப்பு. பண்ணைக் குஞ்சுகளுக்கு அதை வெட்டிவிடுவோம். துடுப்பு இல்லாதது சட்டிக்கு. துடுப்பு உள்ளது ஆற்றுக்கு.

ஆனால் பண்ணைக்குத் தாய்மீன் வேண்டும். அது காட்டு மீனாக இருக்க வேண்டும். தூண்டில்காரர்களே பிடித்துத் தருவார்கள். பிடித்த மீனைத் துளையிட்ட நீண்ட குழாய்க்குள் விட்டு, நீரோட்டம் அதன் முகத்தில் படும்படி கரையோரம் கட்டிவிட்டுப் பண்ணைக்குத் தொலைபேசுவார்கள். லாரி வரும்வரை மீன் அதற்குள் நின்றிருக்கும்.*

* தாய்மீன் கொடுத்தவரிடம் அந்த வாரம் முழுக்க எங்கள் ஊரில் காபிக்குக் காசு வாங்க மாட்டார்கள். ஆர்லோ அந்த வாரம் காபிக்கடைப் பக்கமே போக மாட்டான்.

3

அந்தப் பிப்ரவரி நாளில் பண்ணைக்கு இன்னும் ஒரு பெட்டை மீன் தேவைப்பட்டது. ஆர்லோ பிடித்தான். ஆற்று வளைவுக்குக் கீழே ஒரு மரத்தின் வேரில் குழாயைக் கட்டினான். தொலைபேசினான். வீட்டுக்கு வந்து சூப்புக்கு உட்கார்ந்தான். மழை பிடித்தது.

“தண்ணி ஏறுது மாவிஸ். குழாய் வேருக்கடியில மாட்டிக்கும். மேல தள்ளிக் கட்டிட்டு வந்துடுறேன்.”

“அதான் டெல்மர் லாரியோட வர்றான்ல. அவன் பாத்துக்கட்டும்.”

“அவன் வர்றதுக்குள்ள அது செத்துடும்.”

“சூப் ஆறிடும்.”

“மூடி வை.”

(மாவிஸ் இதை என்னிடம் சொன்னபோது அங்கேயே நிறுத்திவிட்டாள். மூடி வைத்தாளா என்று நான் கேட்கவில்லை.)

டெல்மர் பண்ணையின் பொறுப்பாளர். அவர் போய்ச் சேர்ந்தபோது ஆர்லோவின் வண்டிக் கதவு திறந்து கிடந்தது. குழாய் மேலே, சரியான இடத்தில், இரட்டை முடிச்சோடு கட்டப்பட்டிருந்தது. உள்ளே மீன் உயிரோடு இருந்தது. ஆர்லோ இல்லை.

டெல்மர் இரண்டு முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பிறகு குழாயை அவிழ்த்துத் தூக்கிக்கொண்டு கரையேறி, மீனை லாரித் தொட்டியில் விட்டார். அதற்குப் பிறகுதான் தேட ஓடினார்.

ஒரு பிரதியில் அவரை முதலில் ஆற்றில் குதிக்க வைத்தேன். நல்ல மனிதராகிவிட்டார். டெல்மராக இல்லை. இன்னொரு பிரதியில் அவரைக் கல்நெஞ்சராக்கினேன். அது இன்னும் எளிதாக இருந்தது. முப்பது வருடமாகக் குழாயைப் பார்த்தால் குழாயைத் தூக்கியவர். கை முந்திக்கொண்டது. அவ்வளவுதான் என்று நினைக்கிறேன். அவ்வளவுதானா என்று அவரும் நினைத்துக்கொண்டிருக்கக்கூடும்.

ஆர்லோவை முகத்துவாரத்தில் கண்டெடுத்தார்கள். அடக்கம் முடிந்து தேவாலயக் கூடத்தில் எல்லோரும் உருளைக்கிழங்கு சாலட் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது டெல்மர் தட்டில்லாமல் வந்து மாவிஸ் எதிரில் நின்றார்.

“நான் முதல்ல மீனைத்தான் தூக்கினேன்.”

“தெரியும்.”

“திட்டிடு மாவிஸ்.”

“ஆர்லோவா இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பான். அதான் திட்ட வாய் வரல. போய் சாப்பிடு.”

4

அந்தப் பெட்டையிடமிருந்து முட்டையை வாங்கிக்கொண்டு அதை உயிரோடு ஆற்றில் விட்டார்கள். வழக்கம் அது. அதன் குஞ்சுகளை மட்டும் டெல்மர் தனித்தொட்டியில் வளர்த்தார். அது வழக்கமில்லை. யாரும் கேட்கவுமில்லை.

கோடையில் மாவிஸ் தீனி போட வரத் தொடங்கினாள். எல்லாத் தொட்டிகளுக்கும் போடுவாள். அந்தத் தொட்டிக்குப் போடும்போது மட்டும் பேச மாட்டாள். (இது நான் இட்டு நிரப்பியது. ஆனால் அப்படித்தான் இருந்திருக்கும்.) ஒருநாள் கேட்டுவிட்டாள்.

“இந்தத் தொட்டியை மட்டும் வெட்டாம விடு.”

“முடியாது.”

“நீ எனக்குக் கடன்பட்டிருக்க டெல்மர்.”

“பட்டிருக்கேன். ஆனா இது முடியாது. துடுப்போட விட்டா அதிகாரிங்க காட்டு மீன்னு எண்ணிடுவாங்க. ஆத்துல என்ன இருக்கு, எது நம்மளோடதுன்னு யாருக்கும் தெரியாமப் போயிடும். பண்ணையையே மூடச் சொல்லுவாங்க.”

“அந்த மனுஷன் உயிரக் குடுத்துக் கொண்டுவந்த மீனு. அதோட குஞ்சைப் போர்ட்லண்டுலேர்ந்து வர்றவன் எவனோ வெங்காயம் போட்டு வறுத்துத் திங்கணுமா?”

“எவனாவது வறுத்துத் திங்கட்டும்னுதானே மாவிஸ் அவன் புடிச்சான்.”

அவள் தீனி வாளியை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

5

இனி செப்டம்பர், வெட்டும் நாள். மேசை நடுவே தொட்டி. மயக்க மருந்து கலந்த நீரில் விரல்நீளக் குஞ்சுகள். சுற்றிலும் ஊர்க்காரர்கள், ஆளுக்கொரு சின்னக் கத்தரி. எதிரில் விர்ஜில். மரம் வெட்டி ஓய்ந்தவர்.

“எல்லாரும் விரலை எண்ணிக்கோங்க. எனக்கு ஏற்கெனவே ஒண்ணு கம்மி. அப்புறம் மீனு மேல பழி போடாதீங்க.”

ஒவ்வொரு வருடமும் சொல்லும் நகைச்சுவை. ஒவ்வொரு வருடமும் சிரிப்போம்.

பிறகு அந்தத் தொட்டியின் குஞ்சுகள் வந்தன. ஒன்பது இருபது.

விர்ஜில்தான் முதலில் கவனித்தார்.

“கத்தரி மொண்ணையாயிடுச்சா மாவிஸ்? என்னோடதைத் தரட்டுமா?”

“நல்லாத்தான் வெட்டுது.”

“ஓ,” என்றார் விர்ஜில். தலையைக் குனிந்துகொண்டார். நானும் குனிந்துகொண்டேன். துடுப்புள்ள குஞ்சுகள் அவள் கையிலிருந்து குழாய்க்குள் போய்க்கொண்டே இருந்தன. எத்தனை என்று யாரும் எண்ணவில்லை. எண்ணக்கூடாது என்று இருந்தோம்.

டெல்மர் வந்து அவள் முதுகுக்குப் பின்னால் நின்றார். குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். எனக்குக் கேட்டது.

“சரி, துடுப்போட போகுது. யாரும் திங்க மாட்டாங்க. ரெண்டு குளிர்காலம் கடல்ல இருந்துட்டு இங்கதானே திரும்பி வரும்? எவனாவது புடிப்பான். துடுப்பைப் பாப்பான். என்ன செய்வான்?”

மாவிஸின் கை நின்றது.

“காட்டு மீன்னு நெனச்சுக் குழாயில போடுவான். கட்டுவான். ஃபோன் பண்ணுவான். மழை புடிச்சா...”

“போதும்.”

“மேல தள்ளிக் கட்டப் போவான் மாவிஸ்.”

அவள் உள்ளங்கையில் இருந்த குஞ்சு மயக்கம் தெளிந்து துள்ளியது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கத்தரியை எடுத்தாள். மிச்சமிருந்தவற்றை எல்லாம் வெட்டினாள். மற்றவர்களைவிட வேகமாக, ஒன்றுகூடத் தப்பாமல்.

[நீங்கள் கேட்பீர்கள்: துடுப்போடு போனவற்றைக் குளத்தில் வலைவீசித் திரும்ப எடுத்திருக்கலாமே? எடுத்திருக்கலாம். அரைநாள் வேலை. டெல்மர் எடுக்கவில்லை. ஏன் என்று விளக்கி இரண்டு பத்திகள் எழுதினேன். படிக்கும்போது இரண்டிலும் எனக்கு எல்லாம் தெரிந்ததுபோல் இருந்தது. நீக்கிவிட்டேன்.]

6

அடுத்த ஏப்ரலில், ஆற்றில் விடுவதற்காகக் குளத்தின் தடுப்பைத் தூக்கினார்கள். குஞ்சுகள் அவசரப்படவில்லை. போகும்போதும் முகத்தை நீரோட்டத்துக்கு எதிரே வைத்து, வால் முன்னால் போக, பின்னோக்கியே போயின.

“நம்மளப் பாத்துக்கிட்டே போற மாதிரி இருக்கு,” என்றாள் மாவிஸ்.

“நம்மள இல்ல, தீனி வாளியை,” என்றார் விர்ஜில்.

அவள் சிரித்தாள். ஆர்லோ போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அது முதல்முறை என்று எழுத ஆசை. உண்மையில் அதற்கு முன்பும் சிரித்திருக்கிறாள். சிரிப்பது ஒன்றையும் மாற்றுவதில்லை.

7

இதை எழுதும்போது அந்த மீன்கள் கடலில் இருக்கின்றன. இரண்டாவது குளிர்காலம் இன்னும் வரவில்லை. எனவே என்னிடம் முடிவு இல்லை. செய்து பார்த்தவை இவை.

ஒன்றுகூடத் திரும்பவில்லை என்று முடிக்கலாம். பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும். கடல்நாய் தின்னும், வலை அள்ளும், வெந்நீரோட்டம் கொல்லும். இந்த முடிவு எழுத ஒரு வரி போதும். அந்த ஒரு வரியை எழுதிவிட்டு மாவிஸின் வீட்டைக் கடந்துபோக என்னால் முடியவில்லை.

துடுப்பில்லாத ஒன்றை யாரோ பிடித்து, புகையில் வாட்டி, ஒரு துண்டை மாவிஸுக்குக் கொண்டுவருகிறார். அவள் நின்றபடியே சாப்பிடுகிறாள். “ஆர்லோ உப்பு இன்னும் தூக்கலாப் போடுவான்” என்கிறாள். இதை எழுதும்போது எனக்குக் கண் கலங்கியது. அதனால் நம்பவில்லை.

மூன்றாவதை முடிவு என்று சொல்ல முடியாது. இந்த இலையுதிர்காலத்தில் நடந்த ஒன்றிலிருந்து வந்தது. தாய்மீன் பிடித்தவர்கள் அழைக்கும் தொலைபேசியை இனித் தான் எடுப்பதாக மாவிஸ் டெல்மரிடம் சொன்னாள். அவர் நாற்காலியை ஜன்னலோரம் நகர்த்திப் போட்டார். அங்கிருந்து ஆற்றின் மட்டம் தெரியும்.

ஆகவே: ஜனவரி. மழை. மணி அடிக்கிறது. மாவிஸ் எடுக்கிறாள். மறுமுனையில் விர்ஜில். அவர் குரலைவிட அவருக்குப் பின்னால் ஆறு சத்தமாக இருக்கிறது. அவள் என்ன சொல்வாள் என்பதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

“மாவிஸ், நல்ல பெட்டை ஒண்ணு புடிச்சிருக்கேன். துடுப்பு முழுசா இருக்கு, காட்டு மீன்தான். தண்ணிதான் ஏறிக்கிட்டிருக்கு. குழாயில போட்டுக் கட்டிட்டு லாரி வர்ற வரைக்கும் இங்கயே நிக்கட்டுமா, இல்ல விட்டுடவா? ஹலோ? மாவிஸ், லைன்ல இருக்கியா?”