எண்பத்தேழாம் பக்கம்

ஜோதிமணி பெரிய படிப்பாளியெல்லாம் இல்லை. கையில் கிடைத்ததைப் படிப்பாள், மனதில் பட்டதைச் சொல்லிவிடுவாள், அவ்வளவுதான். ஆனால் அவள் பார்த்த வேலை அப்படிப்பட்டது. ஓசூரை ஒட்டிய ஒரு வண்டி உதிரிபாகத் தொழிற்சாலையில், தர ஆய்வு மேஜைக்கு முன்னால் நாள் முழுக்க நின்று, ஒவ்வொரு பீஸையும் அளந்து பார்த்து டேக் கட்டுகிற வேலை. பச்சை டேக் என்றால் சரி. மஞ்சள் என்றால் திருத்தலாம். சிவப்பு என்றால் உதவாது, சிவப்புப் பெட்டியில் போட்டு நொறுக்க வேண்டியதுதான். டேக்கில் காரணமும் தேதியும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கிட்டத்தட்ட மூன்று வருஷம் இதையே செய்தவள், கேன்டீன் பக்கத்துக் கண்ணாடி அலமாரியிலிருந்து எடுத்துப் படித்த நாவலைத் திருப்பி வைக்கும்போது அதற்குள்ளும் ஒரு டேக்கைச் செருகினாள். கை பழக்கம்.

அது ஒரு துப்பறியும் நாவல். "சிவப்பு. கொலைகாரன் நூற்றெண்பதாம் பக்கத்தில்தான் முதல்முறை வருகிறான். டிராயிங்கில் இல்லாத பார்ட்" என்று எழுதியிருந்தாள். அடுத்தது தடிமனான ஒரு சரித்திர நாவல். "மஞ்சள். இளவரசன் குதிரையில் ஏறப் பன்னிரண்டு பக்கம் ஆகிறது. குதிரை நன்றாக இருக்கிறது. இளவரசனை மட்டும் திருத்தினால் போதும்." வாழ்க்கையில் முன்னேறச் சொல்லும் புத்தகத்துக்கு, "சிவப்பு. ஒரே அறிவுரை, ஒன்பது பார்ட் நம்பர்." ஒரு குடும்ப நாவலுக்கு மட்டும் பச்சை. "மாமியாரும் மருமகளும் கடைசிவரை சமாதானம் ஆகவில்லை. நிஜம்."

கம்பெனி ஹாஸ்டலில் அவளோடு தங்கியிருந்த பெண்கள் இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அவளுடைய அறைத்தோழி வினிதா தருமபுரிக்காரி, அதுவரை பஸ் டிக்கெட்டைத் தவிர எதையும் படித்தவளில்லை. "பச்ச டேக் இருந்தா மட்டும் எடு புள்ள. செவப்ப எடுத்துட்டு அப்பறம் எங்கிட்ட அழுவாத" என்று மற்றவர்களுக்கு அவளே வழிகாட்ட ஆரம்பித்துவிட்டாள்.

இதுவரைக்கும் விளையாட்டு. வினை பிளாண்ட் ஹெட் சிவராஜின் புத்தகத்தோடு வந்தது.

சிவராஜ் ஓசூர் பக்கம் பேரிகை என்ற ஊர்க்காரர். இந்த ஆலையிலேயே மேலே வந்து, இப்போது மொத்த ஆலையையும் தன் விரல் நுனியில் வைத்திருப்பவர். "பேரிகை முதல் போர்டு ரூம் வரை" என்று தன் வரலாற்றை எழுதி, ஆண்டு விழாவில் எல்லாருக்கும் கொடுக்க ஐந்நூறு பிரதி அச்சடித்திருந்தார். ஒன்று மட்டும் முன்கூட்டியே அலமாரிக்கு வந்தது. ஜோதிமணி எடுத்தாள். இருபது பக்கத்துக்குமேல் ஓடவில்லை. சரி, ஒரு லாட்டை, அதாவது சேர்ந்து வந்த மொத்தச் சரக்கை, முழுக்க அளக்க முடியாதபோது என்ன செய்வோமோ அதைச் செய்வோம் என்று, இருபதுக்கு ஒன்றாகப் பத்துப் பக்கம் சாம்பிள் எடுத்து, ஒவ்வொரு பக்கத்திலும் எத்தனை 'நான்' என்று எண்ணினாள். "சிவப்பு. பத்துப் பக்கத்தில் 163 நான். லிமிட் 70" என்று எழுதிச் செருகிவிட்டுத் தூங்கப் போனாள். லிமிட்டை அவளேதான் வைத்தாள்.

அந்தப் பிரதியை எச்.ஆர். அதிகாரி அசோக்குமார், உள்ளே டேக் இருப்பதைப் பார்க்காமல், அச்சகத்திலிருந்து வந்த பெட்டிகளின் மேல் மாதிரிக்கு வைத்து ஸ்டோருக்கு அனுப்பினார். ஸ்டோர் பொறுப்பாளர் பெருமாள், கெலமங்கலத்து ஆள். வீட்டில் தெலுங்கு, வேலையில் விதிமுறை, மூன்றாவது பாஷை அவருக்குத் தெரியாது. சாம்பிளில் சிவப்பு டேக் இருந்தால் மொத்த லாட்டையும் நிறுத்த வேண்டும். நிறுத்தினார். கம்பிக் கூண்டுக்குள் வைத்துப் பூட்டி, கம்ப்யூட்டரிலும் ஏற்றினார். லாட் நின்றால் பிளாண்ட் ஹெட்டுக்குத் தானாகவே மெயில் போகும். போனது. 'பேரிகை முதல் போர்டு ரூம் வரை, 500 எண்ணம், நிராகரிப்பு, ஆய்வாளர் ஜோதிமணி.'

விஷயம் தெரிந்ததும் ஜோதிமணி ஓடிப்போய்க் கூண்டுக்கு முன்னால் நின்றாள். "என்னண்ணே இப்படிச் செஞ்சுட்டீங்க. அது சும்மா வெளையாட்டுக்கு எழுதினது."

"செவப்பு டேக்ல உன் சைன் இருக்குதும்மா. போல்ட்டா இருந்தா என்ன, புக்கா இருந்தா என்ன?" என்றார் பெருமாள். அவர் மேல் கோபப்படவும் முடியவில்லை. அவள் இடத்தில் அவர் இருந்தாலும், அவர் இடத்தில் அவள் இருந்தாலும் அதுதான் நடந்திருக்கும்.

வேறு மாதமாக இருந்தால் திட்டு வாங்கிக்கொண்டு போயிருப்பாள். ஆனால் அவளுடைய மூன்று வருஷ டிரெய்னி ஒப்பந்தம் அந்த மாதக் கடைசியில் முடிகிறது. நிரந்தரம் ஆக்கினால் இருக்கலாம். இல்லையென்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு சாத்தூருக்குப் போக வேண்டும். அங்கே அம்மா தயாராக இருந்தாள். "அங்கன என்னத்த வச்சிருக்க? வந்துரு. தையில கல்யாணத்த முடிச்சிருவோம்" என்று போன் செய்யும்போதெல்லாம் சொன்னாள். மாமன் மகன் கருப்பசாமியை ஜோதிமணி இரண்டு முறை பார்த்திருக்கிறாள். இரண்டு முறையும் அவன் இவளுடைய அம்மாவிடம்தான் பேசினான். ஹாஸ்டல் கேட் மாதத்தில் இரண்டு ஞாயிறுதான் திறக்கும், உற்பத்தி லைனில் தண்ணீர் குடிக்கக்கூட அனுமதி கேட்க வேண்டும், அவளுக்கும் மூச்சு முட்டத்தான் செய்தது. ஆனாலும் முட்டுகிற இரண்டு இடத்தில் இது அவள் தேர்ந்தெடுத்தது. அதை விட்டுப்போக அவளுக்கு மனசில்லை.

அசோக்குமார் கூப்பிட்டு அனுப்பினார். சேலத்துக்காரர். ஆபரேட்டராக வந்து, வேலை பார்த்துக்கொண்டே படித்து, இந்த மேஜைக்கு வர அவருக்குப் பதினாறு வருஷம் ஆகியிருந்தது. அதிர்ந்து பேசாத மனிதர். மேஜையில் அவளுடைய ஃபைலும் சிவப்பு டேக்கும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

"சனிக்கெழம ஆண்டு விழா. மேடையில ஏறி, சாரோட புத்தகத்தப் பத்தி அஞ்சு நிமிஷம் நீ பேசணும். நல்லவிதமா. சார் சொல்லிட்டாரு."

"பேசலன்னா?"

அவர் ஃபைலின் மேல் விரலை வைத்தார். "எத்தன பக்கம் படிச்ச?"

"பத்து சார். சாம்பிள்."

"மிச்சத்தையும் படிம்மா" என்று அந்தச் சாம்பிள் பிரதியை நீட்டினார். கட்டளை மாதிரி இல்லை, ஏதோ உதவி கேட்பது போல இருந்தது.

கம்பெனி பஸ்ஸில் படித்தாள். பெங்களூர் சாலையில் லாரிகளுக்கு நடுவே பஸ் நகராமல் நிற்கும் நேரமெல்லாம் படித்தாள். அவளுடைய சாம்பிள் தப்பே இல்லை, பக்கத்துக்குப் பக்கம் நான், நான், நான்தான். இதை எப்படி நல்லவிதமாகச் சொல்வது? பொய் சொல்லக் கூடாது என்று அவள் சபதம் எதுவும் எடுத்தவளில்லை. ஆனால் பச்சை டேக்கில் கையெழுத்துப் போட்ட பீஸ் நாளைக்கு வண்டியில் உடைந்தால் யார் பொறுப்பு என்ற பயம் மூன்று வருஷமாக ஊறிவிட்டது. பொய்க்குக் கை வரவில்லை.

வெள்ளிக்கிழமை எண்பத்தேழாம் பக்கத்துக்கு வந்தாள்.

அந்தப் பக்கத்தில் ஓர் இளைஞன் மெஷினில் நிற்கிறான். காலையில் ஊரிலிருந்து ஆபீசுக்குப் போன் வருகிறது, அவனுடைய அம்மா இறந்துவிட்டாள். அன்றைக்கு டார்கெட் நெருக்கடி. ஷிஃப்ட் முடியும்வரை அவனிடம் யாரும் சொல்லவில்லை. சொன்னபோது அவன் அறுநூற்றுப் பன்னிரண்டு பீஸ் போட்டிருந்தான். 'அதில் எந்தப் பீஸ் என் கையில் இருந்தபோது அம்மா போனாள் என்று இன்றும் எண்ணிக்கொண்டிருக்கிறேன்' என்று அந்தப் பக்கம் முடிந்தது. எதிர்ப் பக்கத்தில் சிவராஜ் ஒரு கோப்பை வாங்கும் படம்.

ஜோதிமணி ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். வினிதா, "என்னா புள்ள, ஊட்டு ஞாபகமா?" என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினாள். அழுகைக்குப் பின்னால் சந்தோஷமும் வந்தது, அதையும் மறைப்பானேன். இந்த ஒரு பக்கத்தைப் பற்றிப் பேசிவிட்டு இறங்கிவிடலாம். ஒரு சொல்கூடப் பொய் இருக்காது. இந்த மனுஷனுக்குள் இப்படி ஒரு பக்கமா என்று சிவராஜ் மேல் மரியாதைகூட வந்தது.

சனிக்கிழமை மேடையில் ஏறி மைக்கைப் பிடித்தாள். "மொதல்ல பத்துப் பக்கம் பாத்துட்டு செவப்பு போட்டேன். அது எந் தப்பு. எம்பத்தேழாம் பக்கம் பச்ச. இப்படி ஒரு பக்கம் நான் இந்த அலமாரியில வேற எதுலயும் படிக்கல" என்று சொல்லி, அந்தப் பக்கத்தை முழுக்க வாசித்தாள். லைனில் நிற்கிற பெண்கள் மூச்சுவிடாமல் கேட்டார்கள். பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சியது மைக் வரைக்கும் கேட்டது.

கைத்தட்டல் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தாள். எல்லாரும் முன்வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே மயில்கழுத்து நிறப் பட்டுப் புடவையில், மாலை போட்டு, கையில் ஜூஸ் டம்ளரோடு சிவராஜின் அம்மா வெங்கடம்மாள் உட்கார்ந்திருந்தார்.

"என்னத்துக்குடா என்னைச் சாவடிச்ச?" என்று வெங்கடம்மாள் மகனைக் கேட்டது மூன்று வரிசைக்குக் கேட்டது.

சிவராஜ் மைக்கை வாங்கினார். சிரித்துச் சமாளிக்கத் தெரிந்தவர். "எங்கம்மா நல்லா இருக்காங்க, நூறு வயசு இருப்பாங்க. அசோக்குமார், இது எப்படி உள்ள வந்துச்சு?"

சுவரோரம் நின்றிருந்த அசோக்குமாரின் முகம் வெளுத்துக் கிடந்தது. "டைப்பிங் மிஸ்டேக் சார்" என்றார். "வேற ஃபைல் கலந்திருச்சு."

அந்த முகத்தைப் பார்த்ததும் ஜோதிமணிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. புத்தகத்தை எழுதியவர் யார், மிச்சத்தையும் படி என்று சொன்னவர் எதற்காகச் சொன்னார், சிவராஜ் தன் புத்தகத்தை ஒருமுறைகூடப் படிக்கவில்லை என்பது, எல்லாமே. இருநூறு பக்கம் இன்னொருவருக்காக 'நான்' போட்ட மனுஷன், ஒரே ஒரு பக்கத்தில் தனக்காகப் போட்டிருக்கிறார். அதை அவள் மைக்கில் பிடித்துக் கொடுத்துவிட்டாள்.

"ஐந்நூறு புக்குல இந்தப் பொண்ணு ஒருத்திதான் ஒழுங்கா செக் பண்ணியிருக்கா. இந்த மாதிரி ஆள்தான் நமக்கு வேணும்" என்றார் சிவராஜ். "இன்னைக்கே கன்ஃபர்ம்." இப்போது கைத்தட்டல் வந்தது. அவளுக்கு மேடையை விட்டு இறங்க வழி எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை காலை நிரந்தர ஊழியராக அவளுக்கு வந்த முதல் வேலை, இன்னும் கூண்டிலேயே கிடந்த ஐந்நூறு பிரதியிலும் எண்பத்தேழாம் பக்கத்தைக் கத்தியால் நறுக்கி எடுத்து, அட்டையில் பச்சை டேக் ஒட்டுவது. பிளாண்ட் ஹெட்டே மெயில் போட்டிருந்தார். அழுதுகொண்டே செய்தாள் என்று சொல்ல ஆசைதான். அழக்கூட நேரமில்லை, மதியத்துக்குள் முடிக்க வேண்டியிருந்தது. கடைசித் தாளை எடுத்தபோது அசோக்குமார் வந்தார். நறுக்கிய தாள்களைச் சிவப்புப் பெட்டியில் போடுவதற்கு இரண்டு கையெழுத்து வேண்டும், ஒன்று ஆய்வாளருடையது, இன்னொன்று அவருடையது.

"மன்னிச்சிருங்க சார். எனக்குத் தெரியல" என்றாள்.

"அறுநூத்திப் பன்னெண்டு இல்லம்மா" என்றார் அவர். "அறுநூத்தி நாப்பது. யாரும் நம்ப மாட்டாங்கன்னு கொறச்சு எழுதினேன்." பிறகு மேலிருந்த தாளைத் தொட்டார். "ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கட்டுமா?"

அவளுக்குக் கொடுக்கத்தான் ஆசை. தலைக்கு மேலே கேமரா இருந்தது, எண்ணிக்கை ஐந்நூறு என்று ஏற்கெனவே கம்ப்யூட்டரில் ஏறியிருந்தது, கேட்டில் பையைத் திறந்து பார்ப்பார்கள். "ரிஜெக்ட் வெளிய போகாது சார்" என்றாள். தன் குரலா அது என்று அவளுக்கே இருந்தது.

"ஆமாமா. அந்த ரூல் டைப் பண்ணுனதே நான்தான்" என்று அவர் தாளைத் திருப்பி வைத்தார்.

டேக்கை எடுத்தாள். காரணம் என்ற கட்டத்தில் இதுவரை அவள் நினைத்ததைத்தான் எழுதியிருக்கிறாள். இந்தமுறை மெயிலிலேயே காரணம் வந்திருந்தது. பார்த்து எழுதினாள். 'தாயார் நலமாக உள்ளார்.' கையெழுத்துப் போட்டு அவர் பக்கம் நகர்த்தினாள்.

அசோக்குமார் அதைப் படித்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, அவள் பெயருக்குக் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு அப்படியே நின்றார்.

"தேதி போடல சார்" என்றாள் ஜோதிமணி.